நேற்றுவரை ஓடியது: சிறு வணிகத் தானியங்கிகளில் அறிகுறி வழியே பிழை தேடுதல்

சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனியாளாகச் செயலி எழுதிக் கொடுப்பவருக்கு, எழுதும் வேலையைவிட, எழுதியது நின்றபின் காரணம் தேடும் வேலையே அதிகம். கண்காணிப்புக்குத் தனிக்குழு நம்மிடம் கிடையாது. கடைக்காரர் அலைபேசியில் அழைத்துச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம்தான் நம் கையில் இருக்கும் முதல் தடயம். குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரானும் அவருக்குத் தெரியாது, அனுமதிச் சீட்டான டோக்கனும் தெரியாது. அவர் சொல்வது அறிகுறியை மட்டும். ஆகவே கீழே உள்ளவற்றை அவர் சொல்லும் சொற்களின்படியே பிரித்திருக்கிறேன். கூகுள் ஷீட், அதோடு சேர்த்து நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், ஒரு சிறிய லினக்ஸ் சர்வர், பணம் வந்ததைத் தெரிவிக்கும் வெப்ஹூக், வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி ஆகியவை சேர்ந்த ஓர் அமைப்பு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

அழைப்பு வந்தவுடன் பலர் செய்யும் முதல் காரியம், நிரலை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பில் அனுப்பும் தானியங்கியை மறுபடி ஓட்டினால், ஏற்கெனவே பெற்ற முப்பது பேருக்கு அதே பில் மறுபடியும் போகும். பிழை ஒன்றாக இருந்தது இரண்டாகும். முதலில் அனுப்பும் பகுதியை நிறுத்துங்கள், தரவை ஒரு நகல் எடுங்கள், பிறகு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது சரியாக ஓடியது? "ஏன்" என்ற கேள்விக்கு முன்னால் "எப்போது" என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், பாதி நேரம் நிரலைத் திறக்காமலேயே காரணம் பிடிபட்டுவிடுகிறது.

"நல்லா ஓடிட்டு இருந்துச்சு தம்பி, திடீர்னு நின்னுடுச்சு"

நிரலில் யாரும் கை வைக்காதபோது நின்றது என்றால், பெரும்பாலும் ஏதோ ஓர் அனுமதி காலாவதியாகியிருக்கிறது. எத்தனை நாள் ஓடியபின் நின்றது என்று எண்ணுங்கள்.

ஏழு நாள் என்றால், கூகுளின் அனுமதித் திரையைப் பார்க்க வேண்டும். வெளிப் பயனர்களுக்கான திட்டம் "டெஸ்டிங்" நிலையிலேயே விடப்பட்டிருந்தால், ஜிமெயில், ஷீட் போன்றவற்றை அணுகப் பெற்ற ரீஃபிரெஷ் டோக்கன் (அனுமதியைப் புதுப்பித்துத் தருவது) ஏழாம் நாளில் செல்லாததாகிவிடும். மறுபடி உள்நுழைந்தால் சரியாகும், அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி நிற்கும். வாரந்தோறும் உள்நுழைந்து உள்நுழைந்து இதை ஒரு வழக்கமாகவே ஏற்றுக்கொண்ட ஓர் அலுவலகத்தைப் பார்த்திருக்கிறேன். திட்டத்தை "புரொடக்‌ஷன்" நிலைக்கு மாற்றி, புதிதாக ஒருமுறை அனுமதி பெற்றால் அந்தத் தொல்லை தீரும்.

தொண்ணூறு நாளை ஒட்டி நின்றால், லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு தரும் வலைத்தளப் பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை என்று சந்தேகியுங்கள். அதன் ஆயுள் 90 நாள். காலாவதி நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தையும் அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டும் உலாவி பழையதையே காட்டினால், வலைச் சர்வர் புதிய கோப்பை இன்னும் படிக்கவில்லை என்று பொருள். அதை ஒருமுறை ரீலோட் செய்தால் போதும்.

நாள்கணக்கு எதற்கும் பொருந்தாவிட்டால், அந்த வாரத்தில் யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா, வேலையை விட்டுப் போனார்களா என்று விசாரியுங்கள். ஜிமெயில் அனுமதியோடு பெற்ற டோக்கன்கள் கடவுச்சொல் மாறியவுடன் ரத்தாகும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் நிறுவப்படும் டிரிகர் (நிரலைத் தானாக ஓட வைக்கும் அமைப்பு), அதை நிறுவியவரின் கணக்கில்தான் ஓடும். கணக்காளர் விலகி, அவருடைய கணக்கையும் மூடிவிட்டால், அவர் நிறுவிய டிரிகரும் அவரோடு போய்விடும். ஆகவே தொடக்கத்திலேயே டிரிகரை உரிமையாளரின் கணக்கிலிருந்து நிறுவுவதே நல்லது.

"கையால ஓட்டினா ஓடுது, தானா ஓட மாட்டேங்குது"

லினக்ஸ் சர்வரில் இப்படி என்றால், நீங்கள் உள்நுழைந்திருக்கும்போது கிடைக்கும் சூழல் கிரானுக்குக் கிடைப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கட்டளைகளைத் தேடும் பாதை அதற்கு மிகக் குறுகியது. உங்கள் சூழல் மாறிகள் அதற்குத் தெரியாது. நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அங்கிருந்துதான் ஓடும் என்ற உறுதியும் கிடையாது. கிரான் வரியின் வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருங்கள். நிரல் முடியும்போது தரும் வெளியேறு குறியீடு 127 என்றால் கட்டளையே அகப்படவில்லை, முழுப் பாதையை எழுத வேண்டும். 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஓட்டும் அனுமதி இல்லை. இவை இரண்டும் இல்லாமல் வரியே பாதியில் அறுந்ததுபோல் தெரிந்தால், அந்த வரியில் விழுக்காட்டுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புப் பெயரில் தேதி சேர்க்க அதை எழுதியிருப்பீர்கள். கிரான் அட்டவணையில் அந்தக் குறி வரி முறிவாகப் பொருள் கொள்ளப்படும், அதற்கு முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் வேறு நேரத்தில் ஓடுகிறது என்றால், சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. நம் காலை 9 மணி அங்கே 3:30. இதை எல்லாரும் ஒருநாள் கற்றுக்கொள்கிறோம். அதைவிட நுட்பமான சிக்கல், நம் அதிகாலை வேலைகளில் இருக்கிறது. திங்கள் அதிகாலை 3 மணி, யூடிசியில் ஞாயிறு இரவு 9:30. கிழமையையும் ஒரு நாள் பின்னே தள்ள வேண்டும். மாதத்தின் முதல் நாள் அதிகாலை என்றாலோ அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள், அது 28, 29, 30, 31 இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். கணக்குப் போட்டு எழுதுவதைவிட, சர்வரின் நேர மண்டலத்தையே ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு, கிரான் சேவையை மறுதொடக்கம் செய்வது பாதுகாப்பானது.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. தினசரி டிரிகரில் 9 மணி என்று குறித்தால், அது 9-க்கும் 10-க்கும் இடையில் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். 9:00 மணிக்கே ஓட வேண்டிய வேலைக்கு அது ஏற்றதன்று. கட்டம் திருத்தப்பட்டால் ஓடும் "ஆன்எடிட்" டிரிகரோ, மனிதர் கையால் திருத்தும்போது மட்டுமே ஓடும். வேறொரு நிரல் அதே கட்டத்தில் எழுதினால் அது அசையாது. மின்னஞ்சல் அனுப்புவது போன்ற, அனுமதி வேண்டும் வேலைகளையும், நிறுவாமலே ஓடும் இத்தகைய எளிய டிரிகர் செய்யாது. நிறுவப்படும் டிரிகர்தான் செய்யும்.

"பாதி பேருக்குத்தான் போயிருக்கு"

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் ஓர் ஓட்டத்துக்கு 6 நிமிடமே வரம்பு. இருநூறு வரிகள் இருந்த காலத்தில் நன்றாக ஓடிய நிரல், வணிகம் வளர்ந்து இரண்டாயிரம் வரிகளானபோது நடுவழியில் நின்றுபோகும். ஓட்டப் பதிவேட்டில் கால அளவு ஏறத்தாழ 360 நொடி என்று தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஒவ்வொரு கட்டமாகப் படிப்பதை விட்டு முழுப் பரப்பையும் ஒரே தடவையில் படித்து, ஒரே தடவையில் எழுதுங்கள். பெரும்பாலான நிரல்களுக்கு இதுவே போதும். போதாவிட்டால், கடைசியாக முடித்த வரி எண்ணைச் சேமித்துவைத்து, அடுத்த டிரிகர் அங்கிருந்து தொடரும்படி செய்யுங்கள்.

நூறு பேரோடு நின்றிருந்தால் அது நேர வரம்பு அன்று. கட்டணமில்லாத கணக்கிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியே ஒரு நாளில் மின்னஞ்சல் பெறக்கூடியவர்கள் 100 பேர். கட்டணக் கணக்கில் 1,500. சர்வரில் ஓடும் நிரல் 137 என்ற குறியீட்டோடு மடிந்திருந்தால், பெரும்பாலும் நினைவகம் போதாமல் இயங்குதளமே அதைக் கொன்றிருக்கிறது.

"ஒரே ரசீது ரெண்டு தடவை போயிருக்கு"

என் அனுபவத்தில் வாடிக்கையாளரின் நம்பிக்கையை மிக வேகமாகக் குலைப்பது இதுதான். பில் வராவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இரண்டு முறை வந்தால், இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்களோ என்று பதறுவார்கள்.

வெப்ஹூக் ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பலாம் என்பது அதன் இயல்பு. அனுப்பும் சேவை சில நொடிகளுக்குள், பெற்றுக்கொண்டேன் என்று பொருள்படும் 200 வரிசையில் ஒரு பதிலை எதிர்பார்க்கிறது. வராவிட்டால் செய்தி சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புகிறது. நீங்களோ செய்தியைப் பெற்று, பிடிஎஃப் உருவாக்கி, மின்னஞ்சல் அனுப்பி, ஷீட்டில் எழுதி, எல்லாம் முடிந்தபின் பதில் சொல்கிறீர்கள். வேலை முடிந்தும் பதில் தாமதமாகிறது. செய்தி மறுபடி வருகிறது. ரசீது மறுபடி போகிறது. சர்வர் பதிவேட்டில் ஒரே கட்டண எண் சில நொடி அல்லது சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை இருந்தால் இதுவே காரணம்.

தீர்வில் இரண்டு படிகள் உண்டு, ஒன்று மட்டும் போதாது. செய்தி வந்தவுடன், அது உண்மையில் அந்தச் சேவையிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்த்து, அதை அப்படியே சேமித்துவிட்டு, உடனே பதில் அனுப்புங்கள். ரசீது வேலை பின்னால் நடக்கட்டும். அடுத்து, ரேசர்பே, ஸ்டிரைப் போன்ற, இணையத்தில் பணம் பெற்றுத்தரும் சேவைகள் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தரும் அடையாள எண்ணை, ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத ஒரு தரவுத்தள நெடுவரிசையில் எழுதுங்கள். எழுத முடிந்தால் புதியது; ஏற்கெனவே இருக்கிறது என்று தரவுத்தளம் மறுத்தால் அமைதியாக விட்டுவிடுங்கள். "முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் எழுது" என்று செய்வது போதாது, ஏனெனில் இரண்டு செய்திகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் தேடும், இரண்டும் இல்லை என்று காணும், இரண்டும் எழுதும். ஷீட்டையே தரவுத்தளமாகப் பயன்படுத்துகிறவர்கள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் லாக் (பூட்டு) சேவையால் அந்தப் பகுதியைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

கையொப்பம் பொருந்தவில்லை என்ற பிழை வந்தால், வந்த செய்தியின் உடலை ஜேசன் என்னும் தரவு வடிவமாகப் பிரித்து மீண்டும் எழுத்தாக்கியபின் சரிபார்க்கிறீர்களா என்று பாருங்கள். ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் மாறும். வந்த பைட்டுகளை வந்தபடியே சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் சரிபார்ப்பையே நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முகவரி தெரிந்த எவரும் பணம் கட்டாமலே "பணம் வந்தது" என்று அனுப்பிவிட முடியும்.

"தேதி தப்பு, தொகையும் தப்பு"

தொகை சரியாக நூறு மடங்காகத் தெரிந்தால் அது பைசா. 500 ரூபாயை ரேசர்பே 50000 என்றே தரும். நூறால் வகுப்பதைக் காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். உள்ளே கணக்கு முழுவதும் பைசாவிலேயே, முழு எண்ணாகவே நடக்கட்டும்.

தேதிச் சிக்கலில் மாதத்தின் முதல் 12 நாள்களை உற்றுப் பாருங்கள். ஷீட்டின் மொழியிட (லொகேல்) அமைப்பில் அமெரிக்கா என்று இருந்தால், 05/04/2025 என்று நாம் எழுதும் ஏப்ரல் 5, மே 4 ஆகப் பதிவாகும். 13/04/2025 எழுதினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், நோய் தெரிந்துவிடும்: வலப்பக்கம் நிற்பவை மாறிப்போன தேதிகள், இடப்பக்கம் நிற்பவை எழுத்துகள். மொழியிடத்தை இந்தியா என்று மாற்றுவது இனி வருபவற்றைச் சரிசெய்யும். ஏற்கெனவே மாறிப் பதிந்தவை தாமாகத் திரும்பா, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுத வேண்டும்.

ஒரு பூ மொத்த வியாபாரிக்கு நான் எழுதிக்கொடுத்த பில் செயலியில், சில பில்கள் முந்தைய நாள் தேதியோடு வந்தன. எல்லாம் அல்ல, சில மட்டும். நாள்முழுக்க நிரலை வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் தவறான பில்களை மட்டும் நேர வரிசையில் அடுக்கினேன். கடைசித் தவறான பில் 5:26-க்கு, முதல் சரியான பில் 5:33-க்கு. அதைப் பார்த்த நொடியில் விளங்கிவிட்டது: யூடிசிக்கும் நமக்கும் உள்ள இடைவெளி ஐந்தரை மணி நேரம். நள்ளிரவுக்கும் காலை 5:30-க்கும் இடையில் நமக்குப் புது நாள், சர்வருக்கு இன்னும் பழைய நாள். பகலில் திறக்கும் கடையில் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருந்திருக்கும். பூச்சந்தையில் வியாபாரமே அந்த நேரத்தில்தான். மாதத்தின் முதல் தேதியில் அது ஜிஎஸ்டி கணக்கையே முந்தைய மாதத்துக்கு நகர்த்திவிடும். நேரத்தை யூடிசியில் சேமிப்பது தவறன்று. அதிலிருந்து தேதியைப் பிரிப்பதற்கு முன்னால் இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் நிரலுக்கு ஒரு நேர மண்டலமும் ஷீட்டுக்கு வேறொரு நேர மண்டலமும் தனித்தனியே அமைகின்றன என்பதையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

வங்கிக் கணக்கு எண்களின் கடைசி இலக்கங்கள் சுழியமாகிவிட்டால், எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பது காரணம். கூட்டிக் கழிக்காத எந்த எண்ணையும் எழுத்தாகவே சேமியுங்கள். எக்செல்லின் தானியங்கு மாற்றத்தைத் தாங்க முடியாமல், தேதியாக மாறிப்போகும் மனித மரபணுக்களின் பெயர்களை 2020-ல் அறிவியலாளர்களே மாற்றிக்கொண்டார்கள். நாம் ஒரு நெடுவரிசையின் வடிவத்தை மாற்றினால் போதும்.

"தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது"

இதற்கு ஆங்கில உதவிப் பக்கங்களில் விடை கிடைப்பது அரிது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். "உடைந்த" எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று பாருங்கள், வகை ஆறு.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ என்று வரிசையாக வந்தால், யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் உள்ள கோப்பை வேறு குறியாக்கத்தில் திறந்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால்தான் அந்த ஏ மூன்றுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. தரவு பத்திரமாக இருக்கிறது. எக்செல்லுக்குக் கொடுக்கும் சிஎஸ்வி கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்னும் மூன்று பைட் குறியைச் சேர்த்தால் சரியாகத் திறக்கும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அது கெட்ட செய்தி. தமிழைத் தாங்காத ஒரு தரவுத்தள நெடுவரிசையில் எழுதும்போதே எழுத்துகள் தொலைந்துவிட்டன. எந்த மாற்றியாலும் மீட்க இயலாது. நெடுவரிசையை யூடிஎஃப்8எம்பி4 என்னும் குறியாக்கத்துக்கு மாற்றிவிட்டு, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

ஆங்கில எழுத்துகள் பொருளற்றுக் கிடந்தால், அது பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருக்கலாம். ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று சிறிய எழுத்துகளில் இருந்தால் அது பாமினி எழுத்துருவில் "தமிழ்". யூனிகோடு மாற்றியில் இட்டு எடுக்கலாம்.

திரையில் சரியாக இருந்து பிடிஎஃப்பில் மட்டும் கொம்பு இடம் மாறி மெய்க்குப் பின்னால் நின்றால், அந்த பிடிஎஃப் நூலகத்துக்கு இந்திய எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. பில்லை ஹெச்டிஎம்எல்லாக எழுதி, திரையில்லாமல் ஓடும் குரோம் வழியே பிடிஎஃப் ஆக்குவது எனக்குத் தொடர்ந்து பலன் தந்த வழி.

பெயர்களின் கடைசிப் புள்ளி காணாமல் போனால், "சரவணன்" என்பது "சரவணன" என்று வந்தால், எங்கோ ஓரிடத்தில் நீளத்தை வெட்டுகிறீர்கள். நம் கண்ணுக்கு "தமிழ்" மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஐந்து. குறுஞ்செய்திச் செலவு மும்மடங்காவதும் இந்த வகைதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, யூனிகோடில் 70, அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்.

கடைசி வகை கண்ணுக்கே தெரியாது. "கொடுமுடி" என்று தேடினால் பட்டியலில் இருக்கும் "கொடுமுடி" அகப்படாது. ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இது தீரும். ஔகாரத்துக்கு மட்டும் அது போதாது. "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவை" என்று தட்டுபவர் பலர். அது இயல்பாக்கத்தில் சேராத வேறு எழுத்து, உங்கள் நிரலில் தனியே கையாள வேண்டும். வேறெங்கிருந்தோ நகலெடுத்த பெயர்களில் அகலமில்லா இணைப்புத்தடைக் குறிகள் ஒளிந்து வருவதும் உண்டு. பெயரை ஏற்கும் இடத்திலேயே நீக்கிவிடுங்கள்.

"எல்லாம் ஓடுதுன்னுதான் நினைச்சோம்"

பிழைச் செய்தியே இல்லாமல், மூன்று வாரமாக நினைவூட்டல் எதுவும் போகவில்லை என்று மாதக் கடைசியில் தெரியவருவது. பிழை வந்தால் மட்டும் தகவல் அனுப்பும் நிரல், தானே ஓடாமல் போனால் யாருக்கும் எதுவும் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு ஓட்டமும் முடிந்தபின் நேரத்தை ஓரிடத்தில் எழுதட்டும். வேறொரு கணக்கில், வேறொரு கணினியில் இருந்து அந்த நேரத்தைப் பார்க்கும் சிறு நிரல், 26 மணி நேரமாகப் புது வரி இல்லையென்றால் உங்களை எழுப்பட்டும். ஒரு நாளுக்கு மேல் இரண்டு மணி நேரத்தைச் சிறு தாமதங்களுக்காக விடுகிறேன்.

அந்த வரியில் "முடிந்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். படித்தது 42, அனுப்பியது 40, விட்டது 2 என்று எண்களை எழுதுங்கள், விடப்பட்ட இரண்டுக்கும் காரணத்தை எழுதுங்கள். நினைவூட்டல் போகாத ஒரு கடையில் இப்படி எழுத வைத்தபின் மறுநாள் காலையில் வந்த வரி: படித்தது 0, அனுப்பியது 0, விட்டது 0. ஷீட்டில் யாரோ "நிலுவை" என்ற தலைப்பை "பாக்கி" என்று திருத்தியிருந்தார்கள்; நிரல் நிலுவையைத் தேடி, ஒன்றும் இல்லையென்று ஒவ்வொரு நாளும் வெற்றிகரமாக முடிந்துகொண்டிருந்தது. தலைப்பு வரியைப் பூட்டினேன், எதிர்பார்க்கும் தலைப்பு இல்லையென்றால் நிரல் ஓடாமல் நின்று என்னை அழைக்கும்படி மாற்றினேன், பிறகு விடுபட்ட மூன்று வார நினைவூட்டல்களைக் கடைக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பினோம்.